ரெக்கோடரை நிறுத்திய பிறகு

கலஹா
14.01.2024

அன்புள்ள கஜாலினி மிஸ்,

நீங்கள் அனுப்பிய பார்சல் போன செவ்வாய்க்கிழமை முனாஸ் நானாவின் கடைக்கு வந்து சேர்ந்தது. தோட்டத்து விலாசத்துக்கு அனுப்பாமல் விட்டது நல்லது. எங்கள் தபால் இன்னும் தோட்ட ஆபீசுக்குத்தான் போகிறது. நமக்கு என்ன வந்திருக்கிறது என்று நமக்கு முன்பே லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும்.

"இங்கிலாந்துல இருந்து வந்திருக்கு, பாரமாவும் இருக்கு. என்ன தங்கச்சி சாமான்?" என்று முனாஸ் நானா கேட்டார். புத்தகம் என்றேன். அதில் நானும் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தமிழ்ப் பதிப்பு அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், பிள்ளைகள் தூங்கும் மத்தியான நேரத்தில், நாலு நாளாகப் படித்தேன். ஒரு கையால் தொட்டில், ஒரு கையால் புத்தகம். சில சொற்களை மூன்று தரம் படிக்க வேண்டியிருந்தது. ஆனால் புரியாமல் விட்ட பக்கம் ஒன்றுகூட இல்லை.

மிஸ், பெய்ரூத்தில் பன்னிரண்டு வருடம் வீட்டு வேலை செய்தவள் நான். அங்கே எனக்கு நடந்ததை எல்லாம் என் தலையெழுத்து என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நீங்கள் ஐம்பத்தெட்டுப் பெண்களின் கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். கலஹாவில் இருந்து போன எனக்கும் தெல்தெனியவில் இருந்து போன கைரியா ராத்தாவுக்கும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது என்றால், அது தலையில் எழுதியது இல்லை, யாரோ ஆபீசில் இருந்து எழுதியது என்று இப்போதுதான் விளங்கியது. அங்கே வேலைக்கு ஆள் தரும் ஏஜென்சியின் சுவரில் எங்கள் படங்களை நாடு நாடாக ஒட்டியிருந்தார்களே. பிலிப்பீன்காரிகள் மேலே, நாங்கள் நடுவில், எத்தியோப்பியாக்காரிகள் கீழே. தோல் கறுக்கக் கறுக்கச் சம்பளமும் இறங்கியது. நான் சொன்னதை நீங்கள் அப்படியே விடாமல், எந்த வருடம், எந்த நாட்டுக்காரிக்கு எவ்வளவு என்று தேடிப் பிடித்து நிறுவியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்காக ஒருவர் கோர்ட்டில் பேசியது போல இருந்தது.

அதைவிட, முன்னுரையில் உங்கள் வீட்டையே எழுதியிருக்கிறீர்கள். கட்டுகஸ்தோட்டையில் உங்கள் அம்மா எனக்கு மட்டும் வேறு கோப்பையில் தேத்தண்ணி தந்ததை. பெற்ற தாயை எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்?

இவ்வளவு செய்த நீங்கள் நாலாம் அத்தியாயத்தில் ஏன் இப்படிச் செய்தீர்கள்? 'பவளம்' என்று பெயர் மாற்றியிருப்பது என்னைத்தான் என்று தெரியும். "பவளம் ஓர் எத்தியோப்பியத் தோழியுடன் அறையைப் பகிர்ந்துகொண்டார். செலவைக் குறைப்பதற்கும் பாதுகாப்புக்கும் இத்தகைய ஏற்பாடுகள் வழக்கில் இருந்தன." இவ்வளவுதான் இருக்கிறது.

ஆறு வருடம், மிஸ். அது ஒரு ஏற்பாடா?

கோபமாக எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் தொடங்கினேன். படித்துப் பார்த்தால் கோபமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

ரத்தினம்மா


லீட்ஸ்
02.02.2024

அன்பின் ரத்தினம்மா அக்கா,

உங்கள் கடிதத்தைப் பல்கலைக்கழகத்து ரயிலில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

என் பக்கத்தையும் சொல்ல விடுங்கள். 2022 ஆனி மாதம். நாட்டில் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. பேராதனையில் இருந்து ஒரு மரக்கறி லொறியில் தொற்றிக்கொண்டு கலஹாவுக்கு வந்து, அங்கிருந்து நடந்து உங்கள் லயத்துக்கு ஏறினேன். நீங்கள் பெய்ரூத்தைப் பற்றி மூன்று மணித்தியாலம் பேசினீர்கள். பிறகு என் ரெக்கோடரைக் காட்டி, "மிஸ், அத அமத்துங்க. இனிமே சொல்றது புஸ்தகத்துக்கு இல்ல, ஒங்களுக்கு" என்றீர்கள். நிறுத்தினேன். நீங்கள் அந்த எத்தியோப்பியத் தோழியைப் பற்றிச் சொன்னீர்கள். அவருடைய பெயரையும் சொன்னீர்கள். மகள் நிரோஷனியின் ஆசிரியர் நியமனம் வர இருக்கிறது, இது வெளியே தெரிந்தால் அவள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்றும் சொன்னீர்கள்.

அன்று கேட்ட ஒரு வரியையும் நான் குறிப்புப் புத்தகத்தில்கூட எழுதவில்லை. என் பேராசிரியர், "நாலாம் அத்தியாயம் மட்டும் ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது?" என்று கேட்டார். தரவு இல்லை என்று பொய் சொன்னேன். ஆங்கிலப் பதிப்பு வந்தபோது ஒரு விமர்சகர் எழுதினார்: பாலியல் பற்றிய இந்த அத்தியாயத்தில் முதலாளிகளின் அத்துமீறல் இருக்கிறது, ஏஜென்சிக்காரரின் சந்தேகம் இருக்கிறது, ஆனால் ஒரு பெண் தானாக விரும்பியது என்று எதுவுமே இல்லை, இந்தப் பெண்கள் விரும்பத் தெரியாதவர்களா என்று. அவர் கேட்டது சரி. பதில் எனக்குத் தெரியும். சொல்ல முடியவில்லை.

எழுதாமல் விட்டதற்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீங்கள் கேட்டதைத்தான் செய்தேன். ஆனால் 'ஏற்பாடு' என்ற சொல்லை நீங்கள் கேட்கவில்லை. அது நானாகப் போட்டது. வாசிப்பவர்கள் வேறு எதையும் நினைத்துவிடக் கூடாது என்று ஒரு கதவைச் சாத்திவிட்டேன். அதற்கு மன்னியுங்கள்.

இப்போது என்ன செய்யட்டும்? அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிடவா?

அன்புடன்
கஜாலினி


கலஹா
25.02.2024

அன்புள்ள மிஸ்,

எடுக்க வேண்டாம். எழுதுங்கள்.

அன்று நிறுத்தச் சொன்னது நான்தான். மறக்கவில்லை. அப்போது நிரோஷனிக்கு வேலை இல்லை. இப்போது புசல்லாவையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கேயே போர்டிங், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது என் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவளுக்கு இருபது.

இது ரெக்கோடருக்குச் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்த வீட்டுக்கு எதிர்த்த மாடியில் அந்த எத்தியோப்பியாக்காரி வேலை செய்தாள். எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்காரர்கள் வெளியில் விடுவதில்லை. கம்பளம் தட்டவும் உடுப்புக் காயப்போடவும் பல்கனிக்கு வருவோம். நடுவில் ஒரு சந்து. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. இரண்டு பேருக்கும் குசினியில் சமைக்கிறபோது பழகிய அரபு தெரியும். ஒரு வருடம் அப்படியே கத்திக் கத்திப் பேசினோம். அந்த ஊரில் வேலைக்காரி என்ற சொல்லே 'ஸ்ரீலங்கியே' என்பதுதான். எத்தியோப்பியாக்காரியையும் ஸ்ரீலங்கியே என்றுதான் கூப்பிடுவார்கள். "என்னை உன் நாட்டுக்காரி என்கிறார்கள், உன் நாட்டில் எனக்கு ஒரு வீடு தருவாயா?" என்று அங்கிருந்து கேட்பாள். சிரிப்பாள். பாட்டும் பாடுவாள், கேட்கவே முடியாது.

2014இல் இரண்டு பேரும் அந்த வீடுகளை விட்டு ஓடிவந்தோம். ஓர் ஆர்மேனியக் கிழவி மாடியில் ஓர் அறை தந்தாள். பகலில் வீடு வீடாகப் போய்த் துடைத்தோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறைக்குப் பெண்கள் வருவார்கள், அவர்களுக்கு நான் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அவள் எல்லோருக்கும் கோப்பி ஊற்றுவாள். எனக்கு டெங்கு மாதிரி ஒரு காய்ச்சல் வந்தபோது லிப்ட் இல்லாத ஐந்து மாடியும் என்னை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினாள். கணவன் என்று ஒருவனோடு நாலு வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன். நான் சாப்பிட்டேனா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கேட்காமல் விட்ட நாள் இல்லை. இதற்குமேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, மிஸ். நாங்கள் ஒரு குடும்பமாக இருந்தோம்.

2020 ஆகஸ்டில் துறைமுகம் வெடித்தபோது எங்கள் கதவு பிய்ந்து உள்ளே விழுந்தது. அடுத்த நாள் முழுவதும் என் தலைமயிரில் இருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். அடுத்த மாதம் அவள் நாட்டுக்கு விமானம் வந்தது. ஏர்போர்ட் வாசலில் எங்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டு வேலைக்காரிகள் அழுகிறார்கள் என்றுதான் தெரிந்திருக்கும். நான் நவம்பரில் வந்தேன். அவள் தந்த நம்பர் இரண்டு மாதம் வேலை செய்தது. பிறகு இல்லை.

உங்கள் புத்தகத்தில் எங்கள் சம்பளம் இருக்கிறது, எங்களை அடித்தது இருக்கிறது, பாஸ்போட்டைப் பறித்து வைத்தது இருக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் அதை மட்டும் படிக்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். நான் ஐயோ பாவம் இல்லை, மிஸ். நான் சந்தோஷமாகவும் இருந்திருக்கிறேன். அதையும் போடுங்கள். பவளம் வேண்டாம். என் பெயரையும் அவள் பெயரையும் போடுங்கள்.

ரத்தினம்மா


லீட்ஸ்
20.03.2024

அன்பின் ரத்தினம்மா அக்கா,

அச்சகத்துக்குச் சொல்லி வேலையை நிறுத்திவிட்டேன். பதிப்பாளருக்கு என்மேல் கோபம். பரவாயில்லை.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 'ஐயோ பாவம் இல்லை' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றேன். இருபது வருடமாக நான் படித்த துறையில் பெரிய பெரிய ஆட்கள் நூறு பக்கத்தில் சொல்லப் பார்ப்பதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். இது புகழ்ச்சி இல்லை. இந்தப் புத்தகத்தின் நடுக் கருத்தே உங்களுடையதுதான். அன்று கட்டுகஸ்தோட்டை வீட்டில் இருந்து இறங்கி பஸ்ஸுக்கு நடக்கையில், "மிஸ், பெய்ரூத்துல பாத்த அந்த மேல கீழ ஏணிய நான் புதுசுனு நெனச்சேன். அது கண்டியிலயே இருந்திருக்கு" என்று சொன்னீர்கள். அன்றுதான் என் ஆய்வு திரும்பியது.

அம்மாவுக்கு முன்னுரையைப் போனில் வாசித்துக் காட்டினேன். "என்னடி, உலகம் முழுக்க என்னை வெக்கப்படுத்திப் போட்டாய்" என்றார். "பொய்யே அம்மா?" என்று கேட்டேன். அந்த இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "பொய்யில்லை. எடுக்காதை, கிடக்கட்டும்" என்றார். என் அம்மா பத்மாதேவி தன் வாழ்நாளில் ஒப்புக்கொண்ட முதல் பிழை அதுதான்.

ஆகவே உண்மையை எழுதுவதில் எனக்குப் பின்வாங்கல் இல்லை. ஆனால் அந்த அத்தியாயத்தை நான் எழுதக்கூடாது. நீங்கள் எழுதுங்கள். உங்கள் பெயரில், உங்கள் சொற்களில். நான் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

இரண்டு நிபந்தனைகள். ஒன்று, அச்சாகும் முன் நிரோஷனிக்கு நீங்களே சொல்ல வேண்டும். அவள் இதை இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது. நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இப்படி வாழ்வதைக் குற்றமாக்கும் பிரிவு இன்னும் இருக்கிறது, ஊர் வாயும் இருக்கிறது. அதை அவளும் சுமக்க வேண்டிவரும். இரண்டாவது, அவருடைய பெயர். உங்கள் பெயரைத் தர உங்களுக்கு உரிமை உண்டு. அவருடையதைத் தர உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அவருடைய நாட்டிலும் இது குற்றம். அவர் இப்போது எங்கே, யாரோடு, எப்படி வாழ்கிறார் என்று நமக்குத் தெரியாது. அவரைக் கேட்காமல் போட முடியாது.

கஜாலினி


கலஹா
11.04.2024

மிஸ்,

எங்கே இருக்கிறாள் என்றே தெரியாதவளிடம் போய் அனுமதி கேட்கச் சொல்கிறீர்கள். இதற்குப் போட முடியாது என்று நேராகவே சொல்லியிருக்கலாம். படித்தவர்கள் இல்லை என்று சொல்வதற்கும் ஒரு அழகான வழி வைத்திருக்கிறீர்கள்.

மகளிடம் சொல்ல இரண்டு வெள்ளிக்கிழமை முயற்சி செய்தேன். அவள் சாப்பிட உட்காருவாள், நான் கறியைப் பற்றிப் பேசுவேன். அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் உங்கள்மேல் காட்டுகிறேன் என்று தெரியும். ஆனாலும் இப்போதைக்கு எழுதாதீர்கள்.

ர.


லீட்ஸ்
03.07.2024

அன்பின் ரத்தினம்மா அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். சித்திரை, வைகாசி, ஆனி என்று பொறுத்திருந்தேன். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அவர் இருக்கிறார். நலமாக இருக்கிறார்.

வெளிநாட்டில் இருந்து திரும்பிய பெண்களைப் பற்றி அடிஸ் அபாபாவில் ஆய்வு செய்யும் ஒரு பெண் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் எதையும் விவரிக்கவில்லை. பெய்ரூத்தில் எதிர்ப் பல்கனியில் இருந்த ஒரு இலங்கைப் பெண் விசாரிக்கிறார், ஐந்து மாடி சுமந்து இறக்கியதை மறக்கவில்லை என்கிறார் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். பத்து வாரம் ஆயிற்று. போன வாரம் பதில் வந்தது. தலைநகரில் இருந்து அரை நாள் பயணத்தில் ஒரு சிறு பட்டணத்தில் கோப்பிக் கடை வைத்திருக்கிறாராம். அவர் பேசியதை என் நண்பி அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார். நானும் அப்படியே தருகிறேன்.

"ரத்னா உயிரோடு இருக்கிறாளா? முதலில் அதைச் சொல். சரி. அவளுக்கு எண்ணத் தெரியாது. ஐந்து மாடி இல்லை, ஏழு மாடி. சுமந்தவள் நான், எனக்குத் தெரியாதா? என் பெயரைப் போட வேண்டாம் என்று சொல். எனக்கு இப்போது ஒரு கணவர் இருக்கிறார், நல்லவர். தேவாலயம் இருக்கிறது. இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். ஆனால் கதையை எழுதட்டும். அவள் எனக்கு யாராக இருந்தாளோ அதைக் குறைத்து எழுத வேண்டாம். எனக்காகப் பயந்து குறைக்க வேண்டாம். பெயர் மட்டும் என்னுடையது, அதை நான் வைத்துக்கொள்கிறேன்."

உங்கள் இலக்கத்தைத் தரட்டுமா என்று என் நண்பி கேட்டிருக்கிறார். "இப்போது வேண்டாம். அவள் குரலைக் கேட்டால் நான் கடையைத் திறக்க மாட்டேன்" என்றாராம்.

அக்கா, பெயரைக் கேட்காமல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அதே நேரம், நீங்கள் என்மேல் கோபப்பட்டிராவிட்டால் நான் அவரைத் தேடியே இருக்க மாட்டேன். இரண்டும் உண்மை.

அன்புடன்
கஜாலினி


கலஹா
18.08.2024

அன்புள்ள மிஸ்,

உங்கள் கடிதத்தைப் பிள்ளைக் காம்பராவில் நின்றபடியே படித்தேன். உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் எல்லாம் சுற்றி வந்து பார்த்தார்கள். அவர்கள் அழுதால் நான் தூக்குவேன், நான் அழுதால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தன் பிஸ்கட்டை என் கையில் வைத்தது.

கல்யாணம் முடித்துவிட்டாள் என்றதும் எனக்கு வலிக்கவில்லை என்றால் பொய். பிறகு அவள் சொன்னதையே திரும்பத் திரும்பப் படித்தேன். குறைத்து எழுத வேண்டாம் என்கிறாள். அதைவிட எனக்கு என்ன வேண்டும்? ஏப்ரலில் உங்களுக்கு அப்படி எழுதியது தப்பு, மிஸ். நீங்கள் அவளை என்னிடம் இருந்தே காப்பாற்றியிருக்கிறீர்கள். அப்படியும் தேடிப் பிடித்துத் தந்தீர்கள்.

பிறகு எழுதத் தொடங்கினேன். மற்றவர்களுக்கு எத்தனையோ கடிதம் எழுதியவள், எனக்காக எழுத இரண்டு வாரம் பிடித்தது. அப்பியாசக் கொப்பியில் நாற்பது பக்கம். அதை இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை நிரோஷனியின் கையில் கொடுத்தேன். வாயால் சொல்ல வரவில்லை.

சனிக்கிழமை காலையில் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து படித்தாள். நான் குசினியில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். படித்து முடித்தாள், கொப்பியை மூடினாள், உடுப்புத் துவைக்கப் போய்விட்டாள். ஞாயிறு மத்தியானம் புசல்லாவைக்குப் போய்விட்டாள். போனும் எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வருடம் விட்டுப்போன பிள்ளையை இரண்டாம் தரமும் இழந்துவிட்டேன் என்று நினைத்தேன். உங்களுக்கு எழுதி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். பையை வைத்தாள். நின்றபடியே கேட்டாள்.

"போன்ல 'சாப்டியா குட்டி'னு தப்புத் தப்பாத் தமிழ்ல கேப்பாங்களே, அவங்களாம்மா?"

"ஆமா."

"கடையில வேல செய்ற அக்கானு சொன்னீங்க."

"ஆமா. பொய் சொன்னேன்."

அழத் தொடங்கினாள். நான் கிட்டப் போகப் பயந்து நின்றேன். வேலையைப் பற்றி, ஊரைப் பற்றி, வெட்கத்தைப் பற்றிச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"எனக்குக் கோவம் அதுக்கில்லம்மா. பன்னெண்டு வருசம் நீங்க அங்க தனியாக் கெடந்து அழுறீங்கனு நெனச்சுக்கிட்டே இருந்தேன். என்னாலதானே போனீங்கனு நெனச்சு எத்தன நாள் சாப்பிடாம படுத்திருக்கேன், சித்தியக் கேளுங்க. ஒருத்தங்க கூட இருக்காங்க, ஒங்களப் பாத்துக்கிறாங்கனு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேனே."

மிஸ், என் வாழ்க்கையில் நான் மறைத்தது என்னைக் காப்பாற்ற என்று நினைத்தேன், பிள்ளையைக் காப்பாற்ற என்று நினைத்தேன். அது அவளை எவ்வளவு வருத்தியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பிறகு அந்த அக்காவின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். மெல்ல இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஊரில் பேசுவார்கள், பள்ளிக்கூடத்திலும் பேசுவார்கள் என்றேன். "பேசுவாங்கதான். நானும் அந்த ஸ்கூல் பிள்ளைங்களுக்குத்தானே பாடம் சொல்லித் தாறேன். பாப்போம்" என்றாள். அதற்குமேல் தைரியமாக ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் பயம்தான். முகத்தில் தெரிந்தது.

கொப்பியை முனாஸ் நானா கடையில் இருந்து பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். சிவப்பு மையில் எழுத்துப் பிழை திருத்தியது நிரோஷனி. எதிர்ப் பல்கனிக்காரியின் பெயரை மாற்றியிருக்கிறேன், என்ன பெயர் என்று படிக்கும்போது பாருங்கள், அதுவும் நிரோஷனி வைத்ததுதான். மேலே என் பெயரை முழுதாகப் போடுங்கள்: பெரியசாமி ரத்தினம்மா, பிள்ளைக் காம்பரா ஆயா, கலஹா. பவளம் என்று இருந்த இடத்தில் எல்லாம் ரத்தினம்மா.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. போடுங்கள்.

ரத்தினம்மா